சர்வதேச நீதியும் ஜோகுபாளையம் கோஷ்டியும்

பெங்களூரு,
சனிக்கிழமை.

சிரஞ்சீவி சீனிவாசராகவனுக்கு மன்னி ரமா எழுதுவது. இங்கு நான் க்ஷேமம். நீ க்ஷேமமாக ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தாயா என்பதைக் கடைசியில் விசாரிக்கிறேன், முதலில் குற்றச்சாட்டு.

உன் அண்ணா போன பிறகு நான் எம்.ஏ. சேர்ந்து, சர்வதேச நீதி பற்றி ஆய்வேடு எழுதுவது உனக்குத் தெரியும். "இந்த வயசுல யாரைத் தூக்குல போடப்போறேள் மன்னி?" என்று கேட்டவன் நீ. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் தூக்குத் தண்டனையே கிடையாது என்று அப்போதே திருத்தினேன். பதவியிலிருக்கும் நாட்டுத் தலைவரை அங்கே விசாரிக்கலாமா என்பதுதான் என் கேள்வி. தேர்வாளர் முன்னால் பேசி நிலைநாட்டினால்தான் பட்டம்.

நான் நூலகத்தில் இருந்தபோது கல்லூரியிலிருந்து வந்த போனை நீ எடுத்தாய். "மேடம் அவர பிரபந்த மண்டனெ சுக்ரவார" என்றார் குமாஸ்தா. கன்னடத்தில் பிரபந்தம் என்றால் ஆய்வேடு. மண்டனெ என்றால் அதைச் சபையில் முன்வைப்பது. நீயோ பெருமாள் சந்நிதியில் பாடிச் சேவிக்கிற ஆழ்வார் பிரபந்தம் என்று நினைத்து, என்னிடம் வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜோகுபாளையம் பெருமாள் கோவிலில் கோஷ்டி நடத்தும் வெங்கடராமனிடம் போய், "மன்னி காலேஜ்ல பிரபந்தம் சேவிக்கப்போறா, கூடச் சேவிக்கக் கோஷ்டி வேணும்" என்று ஏற்பாடு செய்துவிட்டு ரயிலேறிவிட்டாய்.

நேற்று வகுப்புப் பிள்ளைகள் வழக்கம்போல் வரவில்லை. முன்வரிசை முழுக்கப் பஞ்சகச்சமும் திருமண்ணும். "இவரெல்லா யாரு?" என்றார் மைசூரிலிருந்து வந்த தேர்வாளர். "சமூகப் பிரதிநிதிகள், சார்" என்றார் என் வழிகாட்டி நிருபமா, முகம் மாறாமல். நான் ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்தை வாசித்தேன். முதல் பாட்டை இரண்டு தடவை சேவிப்பது வழக்கமல்லவா, எந்தப் பதவியும் எவரையும் காப்பாற்றாது என்ற அந்த வாக்கியத்தைக் கோஷ்டி மொத்தமும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னது. உச்சரிப்பில், கான்வென்ட்டில் படித்த நானே குறை சொல்வதற்கில்லை. பிறகு தேர்வாளர், போலீஸே இல்லாத நீதிமன்றத்தின் உத்தரவுக்கு யார் கட்டுப்படுவார்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வெங்கடராமன் எழுந்து, "மாமி முடிக்கட்டும் சார். சேவாகாலத்துல நடுவுல பேசப்படாது" என்றார். தேர்வாளர் பேனாவை மூடிவைத்தார். கடைசியில் வெங்கடராமன், தளிகை எங்கே என்று விசாரித்தார். கல்லூரியில் பிஸ்கட்தான் இருந்தது. இன்னொரு நாள் மறுபடி மண்டனெ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேர்வாளர் மைசூருக்குப் போய்விட்டார்.

எதிர்த்தரப்பைக் கேட்காமல் தண்டிப்பது என் மூன்றாம் இயலுக்கு முரண். ஆகவே நீ பதில் எழுதலாம். தீர்ப்பு தயாராக இருக்கிறது: இனி என் வீட்டுப் போனை நீ தொடக்கூடாது, ஜோகுபாளையத்தில் எவரிடமும் என் படிப்பைப் பற்றிப் பேசக்கூடாது.

சொர்ணத்துக்கு என் ஆசீர்வாதம். உனக்கு வாழ்க்கைப்பட்டதைத் தவிர அவள் நிரபராதி. உன் க்ஷேமத்துக்கு எழுது.

மன்னி,
ரமா

பி.கு. நிருபமா இப்போதுதான் பேசினார். மறு மண்டனெ புதன்கிழமை. சபையில் ஆள் இல்லாவிட்டால் விதிப்படி நடத்த முடியாதாம். பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. நீயே வெங்கடராமனைக் கூப்பிட்டு, எல்லோரையும் அழைத்துவரச் சொல். புளியோதரை உண்டு. ஆய்வேடு, அது இது என்று விளக்கப்போகாதே. பிரபந்தம் என்றே சொல். கன்னடத்தில் அது பொய் இல்லை.