கால்வாசி அண்ணாச்சியின் மத்தியான கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் கட்டிய முட்டாள் சங்கரன்கோவிலிலேயே நான் ஒருத்தன்தான். மானிட்டர் நடுவில் குங்குமமும் வைத்தேன். அப்புறம் ஒரு மாதம் திரை நடுவில் வந்த எழுத்தெல்லாம் அந்தப் பொட்டுக்குப் பின்னால் ஒளிந்தே வாழ்ந்தது.

எல்லாம் என் டைப்பிங் கடை ஆபரேட்டர் கால்வாசி அண்ணாச்சியால். எதையும் முழுதாகச் செய்யாத மனுஷர் பூமியில் அவர் ஒருத்தர்தான். டீ கால் டம்ளர். சிரித்தால் உதட்டில் ஒரு ஓரம். நான் பேசினால், "சொல்லும் வே, கால்வாசி காது ஒமக்குத்தான்" என்பார்.

ஒரு மத்தியானம் சாப்பிடப் போனவன், மறந்த கண்ணாடிக்காகத் திரும்பி வந்தேன். பாதி இறக்கிய ஷட்டருக்குள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. திரை கறுப்பு. மேஜை அதிர்ந்தது. மவுஸைத் தொட்டேன், ஆள் வந்தது தெரிந்த மாதிரி சட்டென்று அடங்கியது.

அன்றைக்குக் கட்டியதுதான் எலுமிச்சை. மறுநாள் அதே நேரம் குனிந்து நுழைகிறேன், இருட்டுக்குள் ஒரு பெண் குரல்: "கேட்டீகளா..."

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். கடைக்குள்ளிருந்து பின்னாலேயே அண்ணாச்சி வந்தார். "ஏன் வே ஓடுதீரு? அது என் வீட்டுக்காரி."

"அவுகதான் எறந்துட்டாகளே அண்ணாச்சி!"

"ஆமா. அதுக்கென்ன?"

தறிக்கூடத்தில் வேலை பார்த்தவள், சாகும் அன்று போனில் பேசி அனுப்பியிருக்கிறாள். தறிச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. அந்தச் சத்தத்தை மட்டும் அரித்தெடுக்கும் சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் பின்னால் ஓடவிட்டிருந்தார்; அதுவரை தெளிந்தது அந்த முதல் வார்த்தை மட்டும்.

"கஸ்டமர் இருந்தா மிஷினு தெம்புல கால்வாசிதான் அவளுக்கு. நாம சாப்பிடப் போனா முழுசும். யாராச்சும் தொட்டா நின்னுரும். அப்படி நேரம் வச்சிருக்கேன்."

"எப்பமும் முழுசா குடுத்தா சீக்கிரம் முடியும்லா?"

"பழைய மிஷினு வே. சூடேறிப் படுத்துட்டா மொதல்லேருந்து தொடங்கணும். அது முடியுத வரைக்கும் நான் இருக்கணும்லா?"

அதற்கப்புறம் நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை நீட்டினேன். மோர் ஊற்றிய பிறகு மறுபடி சாம்பார் கேட்டு, மெஸ்காரரிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை.

ஒருநாள் என்னையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். தறிச் சத்தம் இல்லை. குரலுக்குப் பின்னால், யாரோ பக்கத்தில் நிற்பது போன்ற அமைதி மட்டும்.

"கேட்டீகளா, மேக்க இருட்டிக்கிட்டு வருது. கொடியில கெடக்க துணிய எடுத்துருங்க."

அவ்வளவுதான். அண்ணாச்சி எழுந்து ஷட்டரைத் தூக்கினார். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். மேற்கே பொட்டு மேகம் கிடையாது.

"எங்க போறீக அண்ணாச்சி?"

"துணி நனையும்லா வே."