துரைசானியின் பூச்சட்டிக்குக் கவ்வாத்து

உ

ஹட்டன் கடைவீதி,
22-7-1955, வெள்ளிக்கிழமை.

கொழும்பில் இருக்கும் அன்பு மச்சான் சண்முகராஜா அவர்களுக்கு, முத்துலிங்கம் வணக்கத்தோடு எழுதுவது. கதிர்காமத்தான் கிருபையில் உங்கள் தங்கை பூரணியும் கடையும் சௌக்கியம். செடி மட்டும் சௌக்கியமில்லை. அதனால் நானும் இல்லை.

பெரிய தோட்டத்துத் துரைசானி சீமைக்குப் போகும்போது, "சாமானைப் பழுதாகாமல் வைக்கத் தெரிந்தவன் நீதான்" என்று ஒரு பூச்சட்டியை என்னிடம் ஒப்படைத்தார். திரும்பி வரும்போது செடி நன்றாக இருந்தால் பங்களா, தோட்டம் இரண்டுக்கும் பலசரக்கு என் கடையிலிருந்து. இல்லாவிட்டால் எதிர்க்கடைச் சுந்தரலிங்கத்திடமிருந்து. வருகிற புதன்கிழமை வருகிறார். செடி இல்லை மச்சான். கட்டைதான் இருக்கிறது.

அது தாமரைபோல அடுக்கடுக்கான செடி, இலை பலாச்சுளைத் தடிப்பு, மேலே விபூதி பூசினாற்போல வெள்ளை. வந்த முதல் வெள்ளிக்கிழமையே உங்கள் தங்கை குத்துவிளக்குத் துணியை எண்ணெயில் தொட்டு இலை இலையாகத் துடைத்தாள். "ஏன்டி?" என்றால், "தூசியோட இருந்தா கடைக்கு லட்சுமி வருவாளாங்க?" என்கிறாள். அந்த வெள்ளைதான் வெயில் தாங்க அதற்குச் சட்டை என்று யார் கண்டது? பளபளப்பைப் பார்த்த பெருமையில் நான் அதை வெயிலில் வைத்தேன், சாயங்காலம் மேல் இலையெல்லாம் கருகின அப்பளம். தாகமாக்கும் என்று தினம் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினேன், அதற்குள் மழைக்காலமும் வந்து மூட்டம் கடைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ள, அடி இலை மஞ்சளித்து, கண்ணாடியாகி, தொட்டால் கொழகொழ.

அப்போதாவது சும்மா இருந்தேனா? புகையிலை வாங்க வந்த பழைய கங்காணி இராமையாவிடம் காட்டினேன். "கொப்புள நோய்ங்க முதலாளி, தேயிலைக்கு வர்றதேதான்" என்று தோட்டத்துச் செம்பு மருந்தைக் கொண்டுவந்து அடித்தார். செடி நீலமானது. "அப்ப கவ்வாத்துதாங்க. தேயிலைய அடியோட வெட்டிவிட்டா கொழுந்து தன்னால வருதில்ல?"

"யோவ், இது தேயிலை இல்லையே!"

"எல இருக்குல்லங்க? அப்புறம் என்ன?"

முப்பது வருஷம் வெட்டின கை. ஒரு இலை மிச்சமில்லாமல் வெட்டிவிட்டு, கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குச்சியை நிறுத்திவிட்டுப் போனார். ஒரு மாதமாக விடிந்ததும் விடியாததுமாக ஓடி ஓடிப் பார்க்கிறேன். நேற்று அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. அழுகின வெங்காய நாற்றம்! இருபது வருஷம் வெங்காயம் விற்ற மூக்கு எனக்கு. உள்ளே தண்ணீர் வைத்திருக்கிற சாமானுக்கு மேலே தண்ணீர் ஆகாது என்று ஊருக்கே சொல்கிறவன் நான். செடி என்றதும் அந்தப் புத்தி எங்கே போனது?

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் சுந்தரலிங்கம் சும்மா இருப்பானா? "ஒரு சட்டிய வச்சுக் காப்பாத்தாதவன், ஒங்க அரிசியக் காப்பாத்துவானா?" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேட்பான். ஆகையால் நீங்கள் உடனே அங்கே பணக்காரர் குடியிருக்கிற கறுவாத்தோட்டத்துப் பங்களாத் தோட்டக்காரர் யாரையாவது பிடித்து, அதேமாதிரிச் செடி ஒன்றைச் செவ்வாய்க்கிழமைக்குள் ரயிலேற்றுங்கள். தண்ணீர் ஊற்றவேண்டாம், துடைக்கவேண்டாம், வெயிலில் காட்டவேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் அழகம்மை அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முருகன் நல்ல புத்தியும், பெரியவர்களுக்குச் சும்மா இருக்கிற புத்தியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
நிலைகொள்ளாத
முத்துலிங்கம்

பி.கு.: செடி அனுப்பவேண்டாம்! கடிதத்தை ஒட்டப்போகிற நேரம் பரணிலிருந்து வெறும் வெங்காயச் சாக்கை இழுத்தேன். இராமையா வெட்டிப்போட்ட இலைகளைப் பூரணி அதில்தான் அள்ளிப் போட்டிருக்கிறாள். ஒரு மாதமாகத் தண்ணீர் இல்லை, மருந்து இல்லை, நான் இல்லை. அழுகாத இலை பன்னிரண்டு, பன்னிரண்டிலும் மயிரளவு வேர், மிளகளவு குட்டித் தாமரை! ஒன்று கொடுத்த துரைசானிக்குப் பன்னிரண்டாகத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். இராமையா வேறு வந்து நின்றுகொண்டு, "நாந்தான் சொன்னேனுங்களே, வெட்டிவிட்டா கொழுந்து வரும்னு!" என்கிறார். சாக்கை மறுபடியும் பரணில் ஏற்றப்போகிறேன். இனி எழுத நேரமில்லை, இன்று வெள்ளிக்கிழமை, பூரணி விளக்குத் துணியோடு இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறாள்.