கூண்டுக்காரர் கயிறு

"அதுவா போயிடும். நீ அசையாம இரு," என்றான் வெண்டல்.

"மிதவைக்குக் கண்ணு தெரியுமா என்ன? நான் எதுக்கு அசையாம இருக்கணும்?" என்றாள் அவன் மனைவி ரொபெர்ட்டா.

படகின் பின்பக்கம், சுக்கானை ஒட்டிக்கொண்டு ஒரு மிதவை நின்றது. பாதி சிவப்பு, பாதி மஞ்சள். கடலடியில் கிடக்கும் சிங்கி இறால் கூண்டுகளிலிருந்து அந்த மிதவைக்கு வரும் கயிறு இவர்களுடைய சுக்கானில் வசமாக மாட்டியிருந்தது. விடியுமுன் கிளம்பி வந்த களைப்பில், காலை எட்டு மணிக்கு நங்கூரம் போட்டுவிட்டுப் படுத்தார்கள். அப்போது மிதவை எங்கோ தள்ளி இருந்தது. மதியம் எழுந்து பார்த்தால் வாசலுக்கே வந்து நிற்கிறது.

"நாம எங்கயும் போகல. அதுதான் நம்மகிட்ட வந்திருக்கு," என்று வெண்டல் வழக்காடினான்.

அமெரிக்காவின் மெய்ன் கரையோரமாகப் பாய் விரித்துக் கிளம்பி அன்றோடு நாலாவது நாள். ஒஹாயோவில் இருந்த வீட்டை விற்றுத்தான் இந்த முப்பதடிப் படகை வாங்கியிருந்தார்கள். இது போனால் தலைக்கு மேல் கூரை கிடையாது. நேற்று டீசல் போட்ட துறையில் ஒரு கிழவர் சொன்னதை வேறு வெண்டல் மறக்கவில்லை.

"போன வருஷம் ஒருத்தன் கூண்டுக் கயித்த அறுத்துட்டுப் போனான். மறுநாள் பாத்தா, அவன் படகோட பாய்மர உச்சி மட்டும்தான் தண்ணிக்கு மேல தெரிஞ்சுது." இதைச் சொல்லிவிட்டுக் கிழவர் நிம்மதியாகக் காப்பி குடித்தார். வெண்டலுக்குத்தான் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

"கொக்கிக் கம்பால மெதுவா தள்ளி விடு," என்றாள் ரொபெர்ட்டா.

தள்ளினான். கம்பு கயிற்றில் சிக்கிக் கையை விட்டுப் போய்விட்டது.

"இப்ப கம்பும் போச்சு. எஞ்சினப் போட்டுப் பின்னால எடுத்துப் பாக்கறேன்."

"வேண்டாம் வெண்டல், சொன்னாக் கேளு."

கேட்டிருந்தால் அவன் வெண்டலே இல்லை. எஞ்சின் இரண்டு முறை இருமி, கயிற்றைப் படகுக்கடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டு செத்துப்போனது. மிதவை படகுக்கடியில் பாதி அமுங்கி, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. பார்த்தவர்கள் யாரோ மூழ்குகிறார்கள் என்று பதறியிருப்பார்கள்.

"யாராவது பாக்கறதுக்குள்ள மேல ஒரு துண்டப் போட்டு மூடு," என்றாள் ரொபெர்ட்டா.

"கடல்ல எவளாவது துண்டு காயப் போடுவாளா?"

"நான் போடுவேன்! உனக்கென்ன?"

துண்டு போடவும், தீவின் முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு படகு வரவும் சரியாக இருந்தது. அதன் கூரையில், ஊரே பார்க்கட்டும் என்பதுபோல ஒரு மிதவை கட்டியிருந்தது. பாதி சிவப்பு, பாதி மஞ்சள்.

"ஐயையோ, கூண்டுக்குச் சொந்தக்காரனே வந்துட்டான்!" என்றான் வெண்டல்.

வந்தவர் இவர்களைப் பார்த்துவிட்டார். ஆரஞ்சு ரப்பர் கால்சட்டை போட்ட ஆஜானுபாகு. இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டி ஆட்டிக் கத்தினார். காற்றில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கத்தல் மட்டும் வந்தது. வெண்டலுக்குத் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாய்மர உச்சிதான் கண்முன் வந்தது. அவன் ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்தான்.

"மன்னிப்புக் கேட்டுக்கலாம் வெண்டல். அவரும் மனுஷன்தானே?"

"மனுஷன் கத்துற கத்தலா இது? பக்கத்துல வரதுக்குள்ள தப்பிச்சுடணும்."

அந்த ஆள் இன்னும் உரக்கக் கத்தினார். தொப்பியைக் கழற்றிப் படகின் தளத்தில் அடித்தார். வெண்டல் பின்பக்கம் குப்புறப் படுத்து, விறைத்து நின்ற கயிற்றை அறுத்தான். கயிறு பட்டென்று போனது. படகு மெல்ல நகர்ந்தது. போன உயிர் அவனுக்குத் திரும்பி வந்தது.

"பாத்தியா, கிளம்பிட்டோம்!"

"எஞ்சின் ஓடல. பாய் ஏத்தல. நங்கூரம் வேற போட்டிருக்கோம்," என்றாள் ரொபெர்ட்டா. "எப்படிக் கிளம்பினோம்?"

அடியில் கரகரவென்று ஒரு சத்தம். தண்ணீருக்குள் மறைவாக ஒரு பாறை இருந்திருக்கிறது. படகு சாய்ந்தது, உள்ளே தட்டுகள் உருண்டன, ரொபெர்ட்டா பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினாள். அவ்வளவுதான், வீடு போயிற்று என்று வெண்டல் கண்ணை மூடிக்கொண்டான்.

"முன்னால கட்டுங்க! சீக்கிரம்!" என்று ஒரு குரல் கேட்டது. கூண்டுக்காரர் வீசிய வடம் அவன் பக்கத்தில் வந்து விழுந்தது. முன்பக்கம் ஓடிப் போய்க் கட்டினான். அவருடைய எஞ்சின் உறுமி, இவர்களைப் பாறையிலிருந்து பிடுங்கி எடுத்து, ஆழமான தண்ணீருக்கு இழுத்துப் போனது.

படகு ஒழுகவில்லை. கூண்டுக்காரர் இவர்கள் படகில் ஏறி வந்தார். வெண்டல் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

"கயித்த நான்தான் அறுத்தேன். என்னை என்ன வேணாத் திட்டுங்க. படக மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க, எங்களுக்கு வேற வீடு இல்ல."

அவர் நேரே முன்பக்கம் போய், நங்கூரக் கயிற்றை ஒற்றைக் கையால் இழுத்தார். துளி சேறுகூட ஒட்டாமல் நங்கூரம் மேலே வந்தது.

"இத எப்பப் போட்டீங்க?"

"காலைல. கடல் வத்தியிருந்துச்சு. பத்தடி ஆழம். தாராளமா இருபதடிக் கயிறு விட்டேன்."

"கடல் இப்பப் பன்னிரண்டடி ஏறியிருக்கு. உங்க நங்கூரம் மத்தியானத்துலேர்ந்து அந்தரத்துல தொங்குது."

ரொபெர்ட்டா வெண்டலை முறைத்தாள். வெண்டல் பாறை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப இவ்ளோ நேரம் அந்தப் பாறைல மோதாம எப்படி நின்னோம்?"

"அதத்தானே கேப்டன், அங்கேர்ந்தே தொண்டை கிழியக் கத்தினேன்," என்றார் கூண்டுக்காரர். "என் கயிறுதான் உங்களப் பிடிச்சு வச்சிருக்கு, தயவுசெஞ்சு அறுத்துடாதீங்கன்னு!"