முதல் வரியில் நம் குடும்பம்

2004ஆம் ஆண்டு, அந்தத் திங்கட்கிழமை சித்தூர் சபை அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் சபை மூப்பருமான கிருபானந்தம். டைப் செய்யும் ஜெயகுமாரி. பெங்களூர் கம்பெனியிலிருந்து விடுமுறையில் வந்து, பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றைச் சபைக்குக் கொடுத்திருந்த கிளமென்ட்; கிருபானந்தத்தின் தங்கை மகன். காலையில் சர்ச் கட்டடத்தையும் மாலையில் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டரையும் பெருக்கும் சந்திரம்மா. ஐந்தாவதாக ஒருவர் இருந்ததாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஆண்டு விழா மலரில் அச்சாக வேண்டிய பட்டியல் திரையில் இருந்தது: 'சபையின் முதல் குடும்பங்கள்'. முதல் வரியில் இருக்க வேண்டிய கிருபானந்தம் குடும்பம், ஞானஸ்நானம் 1891, இரண்டாவது வரியில் கிடந்தது. அதற்கு மேலே பாலையா குடும்பம், 1890.

நம் குடும்பத்தில் யாரும் எதிலும் இரண்டாவதாக வந்ததில்லை, பந்தியில்கூட. கிருபானந்தம் திரையைத் தட்டிக் காட்டினார்.

"யார்றா இந்தப் பாலையா?"

"தெரியாது மாமா. இந்த ஃபைல்ல யார் வேணா எழுதலாம்னு வச்சிருக்கு."

"பூட்டு!"

கிளமென்ட் பூட்டினான். இனி எல்லோரும் படிக்கலாம். எழுதும் உரிமை கிருபானந்தத்துக்கு மட்டும். அவரே உட்கார்ந்து வரியைத் திருத்தினார்.

செவ்வாய்க்கிழமை, பாலையா மறுபடியும் மேலே இருந்தார்.

"பூட்டிட்டேன்னியேடா?"

"ஃபைலத்தான் பூட்டினேன். ஃபோல்டர் தொறந்து கெடக்குது. பொட்டியப் பூட்டிட்டு ரூம் கதவத் தொறந்து வச்சா, அந்தப் பொட்டியத் தூக்கிப் போட்டுட்டு வேற பொட்டி வச்சிட்டுப் போலாமில்ல?"

"அப்ப கதவையும் பூட்டு. என்னத் தவிர ஒரு ஈ உள்ள போவக் கூடாது."

கிளமென்ட் பூட்டினான்; கிருபானந்தம் தன் பாஸ்வேர்டைப் போட்டு வரியை மறுபடி திருத்தினார். ஈ போகவில்லை. ஜெயகுமாரியாலும் போக முடியவில்லை. ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலை அதே ஃபோல்டரில் இருந்தது. கிருபானந்தமோ திருப்பதியில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இருந்தார். ஓலை வாசிக்கப்படவில்லை. கல்யாணப் பெண்ணின் தாய் பாஸ்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு கல்யாணத்தப் பூட்டி வைக்க அவரு யாரு?"

மறுநாள் திங்கட்கிழமை கிருபானந்தம் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தார். முதல் வரியில் பாலையா.

கடைசியாக எழுதியவர் யார் என்று தேடிய கிளமென்ட், தலையை நிமிர்த்தவே இல்லை.

"மாமா... உங்க பேருதான் காட்டுது."

"நானா? எங்குடும்பத்த நானே கீழ எறக்குவனா?"

"பாஸ்வேர்ட் என்னா வச்சீங்க?"

"அது ரகசியம்டா!" என்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டு அவன் காதில் சொன்னார்: "1891."

கிளமென்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

"பெங்களூர் ஹேக்கர் எவனோ உள்ள பூந்துட்டான் ஐயா. சபை முழுக்க அதான் பேச்சு" என்றாள் ஜெயகுமாரி.

சந்திரம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். தினமும் தானே தூசி தட்டும் பழைய ஞானஸ்நான ரெஜிஸ்டரை அலமாரியிலிருந்து எடுத்து, 1890 என்றிருந்த முதல் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

"ஹேக்கரு ஒருத்தனும் வரல ஐயா. நீங்க ஞாயித்துக்கிழமை ஆனா மைக்குல சொல்லிக்கினு இருக்கீங்களே ஒரு வருஷம், அதத்தான் நான் பாஸ்வேர்டா அடிச்சுப் பாத்தேன். மத்ததெல்லாம் சென்டர்ல பெருக்கறப்ப பாத்துக் கத்துக்கினது. பாலையா எங்க கொள்ளுத்தாத்தா."