சாமியாரின் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீலை

இழவு வீட்டில் முந்திரிக்கொட்டைத்தனம் ஆகாது. மற்றவர்கள் இதைப் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருகிறார்கள். எனக்கு மட்டும் இருபது வயதில், ஒரு கோயில் நிறைய ஆட்களைத் தெருவுக்கு ஓடவிட்ட பிறகுதான் தெரிந்தது.

ஐம்பதுகளின் கடைசி. எங்களுடையது சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பம். திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் எனக்குப் புதிதாக டீச்சர் வேலை. (சிலுவை போடக்கூடத் தெரியாது. வாய்ப்பாடு தெரிந்தால் போதும் என்றுவிட்டார்கள்.) பங்குச் சாமியார் பிரான்ஸ் தேசத்துக்காரர். அவர் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊரே சூசைச் சாமி என்றது. கப்பலேறி வந்தவர் ஒருமுறைகூட ஊர் திரும்பியதில்லை.

ஐப்பசி மழையில் அவருக்குத் தந்தி வந்தது: அம்மா இறந்துவிட்டார். மனிதர் அழவில்லை. வழக்கம்போல் பூசை வைத்தார், வழக்கம்போல் சைக்கிள் மிதித்தார். அதைப் பார்க்கத்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு இரங்கல் பூசை என்றார்கள். பெற்றவளுக்கு அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

முந்தின நாள் சாயங்காலம் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன். நடுவில் நீளமாக ஒரு பெட்டி, அதன்மேல் கறுப்புத் துணி, சுற்றிலும் மெழுகுவர்த்தி. பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

"எம்மா, பெட்டி வந்திருச்சு!"

"அம்புட்டுத் தூரத்துலருந்தா?"

"ஏரோப்ளேன்ல கொண்டாந்திருப்பாக."

அம்மா கலங்கிப்போனாள். "பாவம்டி. கடல் தாண்டி வந்து படுத்திருக்கா. பொறந்த வீட்டுக் கோடி போட ஆளு வேணாமா? சீலை விழாமப் போனா ஆத்துமா அலையும்டி."

அப்பா தறியை விட்டு எழுந்துவந்து, விற்க வைத்திருந்த அரக்குச் சுங்குடிச் சீலையை என் கையில் கொடுத்தார்.

காலையில் மழைக்காக ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். சாமி கறுப்பு அங்கியில், எங்களுக்கு முதுகைக் காட்டி, புரியாத பாஷையில் பாடிக்கொண்டிருந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அப்போதுதான் கவனித்தேன். பெட்டிமேல் கிடந்த துணி மெல்ல எழும்பியது, தாழ்ந்தது, மறுபடி எழும்பியது. காற்று என்று நினைத்தேன். ஆனால் ஒருத்தி முந்தானைகூட அசையவில்லையே!

"அசையுதுல்ல?" என்று பக்கத்து அம்மாளைக் கேட்டேன்.

"பேசாம இரும்மா" என்று அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவரும் பார்த்திருக்கிறார்!

பூசை முடிந்து சாமி தூபத்தோடு பெட்டியைச் சுற்றினார். இனி ஆணியடித்துவிடுவார்களே என்று எழுந்து போனேன். கோடி உடம்பில் படவேண்டாமா? துணியைத் தூக்கி, காலைத் தேடிக் கையை உள்ளே விட்டேன். சில்லென்று காற்றுதான் பட்டது. முழங்கை வரை விட்டுத் துழாவினேன். கால் இல்லை. ஆளே இல்லை. பக்கத்து மெழுகுவர்த்தி அணைந்தது.

"ஐயையோ! அம்மா எந்திருச்சுப் போயிட்டாக!"

முதலில் ஓடியவர், மணியடித்து விளக்கேற்றும் கோயில்பிள்ளை. (அந்தப் பெட்டியை அடித்ததே அவர்தான்!) பின்னாலேயே மொத்தக் கோயிலும் ஓடியது. நான் சீலையை இடுக்கிக்கொண்டு பெட்டிப் பக்கத்திலேயே நின்றேன். நானும் சாமியும் மட்டும் மிஞ்சினோம்.

"டீச்சர், என் தாயாரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்" என்றார் சாமி. "உடல் இல்லாதபோது வெறும் பெட்டி வைத்து வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. சீலையை நீட்டினேன். "கோடி, சாமி. பொறந்த வீட்டுச் சீலை இல்லாம அனுப்பக் கூடாதுன்னு எங்க வீட்டுல..."

எத்தனையோ இழவு வீடு பார்த்தவர், அவருக்குக் கோடி தெரியாதா? வாங்கினார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, சீலையில் முகத்தைப் புதைத்து, "அம்மா" என்று தமிழிலேயே அழுதார். நானும் அழுதேன்.

பிறகு அவரே சீலையைப் பெட்டிமேல் விரித்தார். கறுப்புத் துணி அசைவதை நிறுத்தியது. சீலையின் கனம் என்றார், பிற்பாடு கதையைக் கேட்ட எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார். இருக்கலாம். ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாமி சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்து, "வணக்கம், மாமா" என்றார் அப்பாவிடம். அப்பாவைவிட அவருக்குப் பத்து வயது கூட! "பிறந்த வீட்டுக் கோடி கொடுத்தவர் என் தாயாருக்கு உடன்பிறந்தவர். அப்படியென்றால் எனக்குத் தாய்மாமன்தானே?"

அம்மா என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாய்மாமன் மகள் என்றால், நான் முறைப்பெண்!

எனக்கு வரன் அமைந்தபோது அப்பா மெய்யாகவே வெற்றிலை பாக்கோடு போய் நின்றார். "மாப்ளே, முறைக்காரரு நீங்க விட்டுக்குடுத்தாத்தான் வெளிய குடுக்க முடியும்."

"கொடுங்கள் மாமா" என்றாராம் சாமி. "பெட்டி எதையும் திறந்து பார்த்துவிடும் பெண் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்."

இன்றைக்கும் சண்டை வந்தால் என் வீட்டுக்காரர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்: "சாமியாரே வேணாம்னு தள்ளிவிட்ட பொண்ணுடா இவ!" தள்ளிவிடவில்லை, விட்டுக்கொடுத்தார் என்று நானும் இத்தனை வருஷமாகத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.