கண்ணாடிப் பெட்டிக்குள் கள்ளிக்குப்பம்

காலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விக்ரம் ஒட்டிவைத்த எருமை, மாலையில் அவன் ஆபீஸிலிருந்து திரும்பும்போது அடுக்ககத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அதே இடம். கேட்டுக்கு இடப்பக்கம், கரண்ட் கம்பத்தை ஒட்டி, தலையை மட்டும் தெருப்பக்கம் திருப்பியபடி. பெட்டிக்குள் இருந்தது நகத்தளவு பிளாஸ்டிக். இது மூச்சு விட்டது, வாலால் ஈ ஓட்டியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

"யாரோட மாடு இது?" என்று கேட்டான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த வாட்ச்மேன் ஏகாம்பரம் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"நிக்குது சார்!"

"அது தெரியுது. ஏன் நிக்குது?"

"நவுராது சார். நீங்க கவலப்படாம மேல போங்க."

விக்ரமுக்குக் கரூர் பக்கம். மென்பொருள் வேலைக்காகச் சென்னை வந்து, புழல் ஏரியை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில் ஃபிளாட் வாங்கியவன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்த ஏரியில் நீர்விமானங்கள் இறங்கின என்று எங்கேயோ படித்த நாளிலிருந்து அவனுக்கு அந்தப் பித்துப் பிடித்துவிட்டது. அந்த விமானத்தின் மாடல் கிட் ஒன்றை வரவழைத்துக் கட்ட ஆரம்பித்தான். சாதாரண விமானமில்லை அது. உடம்பு படகு, முதுகில் ஒற்றைத் தண்டு, தண்டின் மேல் முழு நீள இறக்கை. இடப்பக்கம் தொங்குகிறதே என்று நிமிர்த்தினால் வலப்பக்கம் தொங்கும். வெந்நீரில் முக்கினான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், பசை காயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். இறக்கை ஒருவழியாக நேராக நின்ற அன்று மனைவி பவ்யாவைப் பாயசம் வைக்கச் சொன்னான். "நீயே வை" என்றாள் அவள்.

விமானத்தை வெறுமனே வைத்தால் அழகில்லை என்று ஏரியோடு ஒரு காட்சிப் பெட்டி செய்தான். பெட்டி வீட்டுக்குள் நுழையவில்லை. அடுக்ககச் சங்கத் தலைவி கோமளா, கீழ்த்தளக் கூடத்தில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார்.

"ஆனா நம்ம பிளாக்கும் உள்ள இருக்கணும் சார். வெறும் ஏரிய யாரு பாப்பாங்க?"

ஆகவே அட்டையில் அவர்களுடைய கட்டடமே எழுந்தது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகூட இருந்தது. மாடியைத் தாண்டி ஏரிக்குள் இறங்கப்போகும் விமானத்தை மட்டும், ஞாயிற்றுக்கிழமைத் திறப்பு விழாவில் கடைசியாக வைப்பதென்று முடிவானது. அதுவரை தினம் ஒரு சின்னப் பொருளாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். அப்படிச் சேர்த்ததுதான் எருமை.

அவன் நேரே கூடத்துக்குப் போய் எருமையைப் பெட்டியிலிருந்து பிடுங்கி எடுத்தான். மேலே வந்து காபியைக் குடித்துவிட்டு பால்கனியில் எட்டிப் பார்த்தான். கம்பத்தடியில் சாணம் மட்டும் கிடந்தது.

"தற்செயல்" என்றாள் பவ்யா.

அதைச் சோதித்துப் பார்க்க மறுநாள் ஒரு தண்ணீர் லாரியை வைத்தான். ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் அது கேட்டுக்குக் குறுக்கே சாய்ந்து ஒட்டிக்கொண்டது. மாலையில் நிஜமான லாரி ஒன்று கேட்டுக்குக் குறுக்கே நின்றது. மழைக்காலம், தரைக்கடியிலிருந்த சம்ப் தொட்டி நிறையத் தண்ணீர். லாரியும் அதிலேயே ஊற்ற, கார் நிறுத்துமிடம் குட்டி ஏரியாகியிருந்தது.

"யாருய்யா லாரி கேட்டது?" கோமளா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஆபீஸ்ல அனுப்புனாங்கம்மா" என்றான் டிரைவர். "கேட்டுக்குக் குறுக்கால நிறுத்தணுமாமே?"

விக்ரம் கூடத்துக்குள் ஓடிப் பெட்டியிலிருந்த லாரியைப் பிடுங்கினான்.

பவ்யா அப்போதும் நம்பவில்லை. மீதமிருந்த பொம்மைகளில் மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண்ணை அவளே பொறுக்கி எடுத்து, அட்டைக் கட்டடத்தின் மொட்டைமாடியில், ஏரியைப் பார்த்தபடி ஒட்டினாள்.

"இப்ப யாரு வந்து நிக்கிறாங்கன்னு பாத்துடலாம்."

மாலை துணி எடுக்க மாடிக்குப் போனவள், துணி இல்லாமல் இறங்கி வந்தாள். விரலை மட்டும் மேலே காட்டினாள்.

விக்ரம் ஏறிப் போனான். தண்ணீர்த் தொட்டியின் அருகில் ஒரு பெண் நின்றிருந்தாள். மஞ்சள் புடவை. முந்தானை தலையை மூடியிருந்தது. ஏரிப்பக்கமிருந்து வந்த காற்றில் கொடித் துணிகளெல்லாம் படபடத்தன. அவள் மட்டும் அசையவில்லை.

"ஏங்க... யாருங்க நீங்க?"

அவள் திரும்பவில்லை. அவன் இன்னும் சத்தமாகக் கேட்டான். ஒரு விரல்கூட அசையவில்லை.

அவன் இறங்கி ஓடிவந்தான். "மேல யாரோ நிக்கிறாங்க ஏகாம்பரம்!"

"மஞ்சப் பொடவதான சார்?" என்றார் ஏகாம்பரம் சாவகாசமாக. "கீது, கீது."

மறுநாள் விடியலிலேயே பவ்யா கோயம்புத்தூருக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபிளைட்ல வரேன் விக்கி. அதுக்குள்ள அந்தப் பொம்பளைய எடுத்துடு. எடுக்கலைன்னா நான் அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

அவன் பிளேடால் மெதுவாக நெம்பினான். நல்ல பசை, அவனே பார்த்துப் பார்த்து வாங்கியது. பொம்மையின் வலது கால் முழங்காலோடு முறிந்து அவன் கையில் வந்தது. மற்றக் கால் அசைய மறுத்தது. அதற்குள் கூடத்தில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடவே பெட்டியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை மாடிக் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தான்.

அவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

தொட்டியின் குழாயைப் பிடித்தபடி, வலது காலைப் புடவைக்குள் மடக்கிக்கொண்டு. மெல்லிய முனகல் வேறு கேட்டது. விக்ரம் எப்படிக் கீழே வந்தான் என்பது அவனுக்கே தெரியாது. ஒரு செருப்பு மாடிப்படியில் கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் எடுத்துக் கொடுத்தார்.

கதவைத் தாழிட்டு உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை. விமானம். பவ்யா.

பெட்டியில் விமானத்தை வைத்தால்?

"பெயிண்ட் காயலை மேடம்" என்று கோமளாவுக்குப் போன் செய்தான். "விமானம் இல்லாமலே விழாவ நடத்திடலாம்."

"ஏரோபிளேன் இல்லாம எதை சார் திறக்கிறது? எருமை கூட இல்லையே! போண்டாவுக்குச் சொல்லியாச்சு."

ஞாயிறு மாலை, விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தான். கதவு தட்டப்பட்டது. பவ்யா முந்தைய ஃபிளைட்டில் வந்துவிட்டாளோ என்று, மடியிலிருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடிப்போய்த் திறந்தான். கோமளாவும் அவருக்குப் பின்னால் பாதி அடுக்ககமும் நின்றிருந்தார்கள்.

"அட, நல்லாத்தானே காஞ்சிருக்கு!" கைக்குழந்தையை வாங்குவதுபோல அவர் அதை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"மேடம், வேணாம்! பவ்யா மேல பறந்துட்டிருக்கா!"

"நல்லபடியா வரட்டும் சார்" என்றார் கோமளா திரும்பாமலே.

சங்கத்து மாற்றுச் சாவியால் பெட்டி திறந்தது. விமானத்தைத் தாங்க வேண்டிய கம்பி துளைக்குள் போகவில்லை. கோமளா ஓர் அழுத்து அழுத்தினார். கம்பி வளைந்தது. விமானம் அட்டை மாடியை உரசிச் சறுக்கி, ரெசின் பசை ஊற்றிச் செய்த, இன்னும் இறுகாத ஏரிக்குள் மூக்குக் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அதே நேரம் வானத்தில் ஓர் உறுமல் கேட்டது.

விக்ரம் வெளியே ஓடினான். மேகம் தாழ்வாகக் கவிந்திருந்தது. சத்தம் ஏரிப்பக்கம் நெருங்கியது, தேய்ந்தது, நின்றேபோனது. பவ்யாவின் எண்ணுக்கு அடித்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தான். மறுபடியும். பெயர் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டான். இனி பசையைக் கையால் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தான். கூடத்தில் போண்டா வாசனை வந்தது.

போன் அலறியது.

"விக்கி, இறங்கிட்டேன். பெட்டிக்கு வெயிட் பண்றேன். அந்தப் பொம்பளைய எடுத்தியா இல்லையா?"

அவன் அப்படியே படியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல அழுதான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி சரி, வந்துடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் வருவதற்குள் விமானத்தைப் பிடுங்கிவிட எழுந்து போனான். கூட்டம் போண்டாவில் இருந்தது. பெட்டியின் முன்னால் ஏகாம்பரம் மட்டும் வியர்த்து வழிய, கையில் போனோடு, ஏரிக்குள் குத்தி நின்ற விமானத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு ஏகாம்பரம்?"

ஏகாம்பரம் கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

"பொட்டில எப்டி கீதோ அப்டியே இருக்கணும், ஒண்ணு மாறக்கூடாதுன்னு கோமளா மேடம் மொத நாளே சொல்ட்டாங்க சார். எருமைக்கு மச்சானாண்ட சொன்னேன், லாரிக்குப் போன் போட்டேன், எங்க ஊட்டுக்காரி முனியம்மாவ ஒத்தக் கால்ல நிக்க வெச்சேன். இந்த ஏரோபிளேன ஏரில கவுக்கறதுக்கு யாராண்ட சார் சொல்லணும்?"