நஸீபாவுக்குச் சர்க்கரை ஏறிய விவரம்

இராஜபாளையம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்பு மருமகன் அஃப்சலுக்கு மாமா மைதீன் பிச்சை ஸலாம் சொல்லி எழுதுவது. எல்லையில் உங்களுக்குக் குளிர் எப்படியோ, இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மாமி அசீனாவுக்கு மட்டும் என் மேல் கோபம். உங்கள் முகாமுக்குப் போன் கிடைக்காததால் கடிதம். நின்றுகொண்டு படிக்க வேண்டாம், உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் எல்லைக்குப் போன கையோடு ஐந்தாம் மாதத்திலேயே மகள் நஸீபாவை இங்கே அழைத்து வந்தோமல்லவா, அப்போது சுகாதார நிலையத்து நர்ஸ் ஞானபாக்கியம், "ரத்தம் ஒம்பதுதான் இருக்கு, நல்லாச் சாப்பிடணும்" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். 'நல்லா' என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடையை அடைத்துவிட்டு பஸ் ஏறுமுன் தினமும் அரைக்கிலோ பால்கோவா, வீட்டில் நெய்ச்சோறு, மாத்திரையைக்கூட நானே சூடான டீயோடு கொடுத்து விழுங்க வைத்தேன். ரெண்டு உயிருக்கும் சேர்த்துத் தின்ன வேண்டாமா என்று நான் கேட்க, பிள்ளையும் தட்டாமல் தின்றது.

ஏழாம் மாதம் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு! ரத்தமோ அதே ஒன்பது. "இனிப்பு யாரு வாங்கித் தாரா?" என்றார் நர்ஸ். தாயும் மகளும் என்னைப் பார்த்தார்கள். "மாத்திரையை எதோட போடுத?" மறுபடியும் என்னையே பார்த்தார்கள். "டீயோட போட்டா மாத்திரைச் சத்து ஒடம்புல ஒட்டாதுய்யா. சர்க்கரை இப்படியே போனா வயித்துக்குள்ள பிள்ளை ரொம்பப் பெருசாயிரும். பொறவு ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்க வேண்டி வரலாம்" என்றார்.

ஆசையாகக் கொடுத்தது இப்படி ஆகிவிட்டதே என்று வீட்டுக்கு வந்து அழுதேன் மருமகனே. நஸீபாதான் தேற்றினாள்: "நீங்க வாங்குனீக, நான் தின்னேன். இதுல அழ என்ன இருக்கு, அத்தா? நாளைலருந்து நடப்போம், வாங்க."

ஆனால் மறுநாள் கடையடைத்ததும் பழக்கதோஷத்தில் கை மறுபடியும் அரைக்கிலோ வாங்கிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது, எறியவும் மனம் வரவில்லை. பஸ் இராஜபாளையம் சேர்வதற்குள் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். கதவைத் திறந்த அசீனா, "ஊதுங்க" என்றாள், போலீஸ்காரரைப் போல. ஊதினேன். காலையில் கையைப் பிடித்து நர்ஸிடம் இழுத்துப் போனாள். எனக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. "பெரியவரே, மகளுக்கு முன்னாடி நீங்க அட்மிட் ஆயிருவீக போலிருக்கே" என்றார் நர்ஸ்.

அன்றிலிருந்து எனக்கும் நஸீபாவுக்கும் ஒரே பத்தியம். அளந்து வைத்த சோறு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை, சுண்டல். அவள் மாத்திரைக்கு எலுமிச்சைத் தண்ணீர். சாப்பிட்டதும் நடை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னே விறுவிறுவென்று போவாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் மூச்சு வாங்குவேன். பக்கத்து வீட்டு நவநீதகிருஷ்ணன், "பாய், மாசம் யாருக்கு?" என்று கேட்கிறார்.

இப்போது நிறைமாதம், அவள் சர்க்கரை கட்டுக்குள். ரத்தம் பதினொன்று. ஆகவே உறுதியாகச் சொல்கிறேன்: சுகப்பிரசவம்தான், கத்தி கிட்டே வராது. லீவுக்காக மேலதிகாரியிடம் மன்றாட வேண்டாம். பேர் வைக்கிற நாளுக்கு வந்தால் போதும். அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வைத்திருக்க எல்லோருடைய துஆவும்.

இப்படிக்கு, பத்தியத்தில் இருக்கும் மாமா,
மைதீன் பிச்சை

பி.கு: திங்கள்கிழமை. கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன் நஸீபாவுக்கு வலி வந்துவிட்டது. ஆபரேஷன்தான். பெண் குழந்தை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இருவரும் சுகம். என்னால்தானா என்று டாக்டரம்மாவிடம் அழுதேன். "இல்ல பெரியவரே. கொடி கழுத்துல சுத்தி, பிள்ளைக்கு இதயத்துடிப்பு கொறைஞ்சிருச்சு. இது யாரு குத்தமும் இல்ல. சர்க்கரையும் ரத்தமும் சரியா இருந்ததாலதான் உங்க மக இம்புட்டுத் தெம்பாத் தாங்குனா" என்றார். ஆகவே மேலே நான் உறுதி சொன்ன பத்தியைக் கிழித்துவிட்டு, உடனே லீவு கேளுங்கள், மன்றாடியாவது கேளுங்கள். இன்னொன்று: ஆபரேஷனுக்கு முன் கையெழுத்துக் கேட்டார்கள். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் பதற்றத்தில் 'தாத்தா' என்று எழுதிவிட்டேன். "பிள்ளை இன்னும் பொறக்கலியே" என்றது அங்கிருந்த பெண். எழுதியதை நான் அடிக்கவில்லை, திருத்தவில்லை. பத்தே நிமிஷத்தில் அது பாதி சரியாகிவிட்டது.